கணபதிக்கு வந்த கடல்

சூலூருக்குத் தெற்கே கொஞ்சம் புன்செய்க் காடும் ஒரு கிணறும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அப்புசாமிக் கவுண்டர், கிணறு அடியோடு வற்றிப்போன வருஷம் மனைவி சின்னாத்தாளைக் கூட்டிக்கொண்டு கணபதிக்குக் குடிவந்தார். அங்கே கோவிந்தராஜுலு நாயுடு புதிதாகக் கட்டியிருந்த நூல் மில்லில் அவருக்குத் தண்ணீர்க்காரர் வேலை கிடைத்தது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பாய்லருக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் போவது, நூல் அறுந்துபோகாமல் இருக்க ஷெட்டுக்குள் ஈரக்காற்று அடிக்கும் எந்திரத்துக்கு எது போவது, எந்தத் தொட்டியை எப்போது கழுவுவது என்று தீர்மானிக்கிற வேலை.

அதற்கு வேண்டிய கருவி அவர் வாயிலேயே இருந்தது. ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சற்று நிற்பார். பிறகு துப்பிவிட்டு, இது சுண்ணாம்புத் தண்ணீர், பாய்லரில் விட்டால் மாசத்தில் காறை கட்டும் என்பார். கட்டும். ஒரு தடவை மில் ஆட்கள் அவரைச் சோதிக்க மூன்று டம்ளரில் மூன்று தண்ணீர் வைத்தார்கள். முதலாவது பல்லடம் பக்கம், இரண்டாவது சிறுவாணி என்று சொன்னவர், மூன்றாவதை மட்டும் இரண்டு தரம் ருசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் எந்த ஊராக இருந்தாலும் சரி, டம்ளரில் இதற்கு முன்னால் பானகம் இருந்திருக்கிறது என்றார். அதுவும் உண்மைதான்.

இத்தனை தெரிந்தவர் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. கடலோடு அவருக்கு இருந்த பழக்கமெல்லாம் கருவாட்டோடு சரி.

1935இல் கோவிந்தராஜுலு புது மெஷின் விஷயமாகச் சென்னைக்குப் போனார். போன வேலை ஒரே நாளில் முடிந்தது. மீதி மூன்று நாளும் அவர் கடற்கரையில் இருந்த மீன் காட்சிசாலையிலேயே பழியாய்க் கிடந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நிறம் நிறமாக நீந்திய மீன்கள் அவருடைய மனசை என்னவோ செய்துவிட்டன. ஊர் திரும்பியதும் மில் மேனேஜர் கண்ணையாவையும் அப்புசாமியையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

"கோயமுத்தூர்ல மில்லு இருக்குது, கரண்டு இருக்குது, சிறுவாணித் தண்ணி இருக்குது. கடலு ஒண்ணுதான் இல்லை. அதையும் கொண்டாந்துபோடலாம்னு இருக்கறனப்பா" என்றார்.

அப்புசாமி தயங்கித் தயங்கி, கணபதியில் பாதிக் கிணறு உப்புத் தண்ணீர்தானே, அதிலேயே விட்டுப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். கண்ணையா சிரித்தார். கண்ணையாவிடம் சென்னையிலிருந்து வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வது அவர் பொறுப்பு. புரிந்ததை அப்படியே சொல்வார். புரியாத இடங்களில் மேனேஜர் என்ற முறையில் தம்முடைய சொந்த முடிவைச் சொல்வார்.

மில் தச்சர்கள் தேக்குச் சட்டம் போட்டு, கனமான கண்ணாடி வைத்து, கீல் காய்ச்சி இடுக்கு அடைத்து, ஆறடி நீளத்தில் ஒரு தொட்டி செய்தார்கள். முன்கூடத்தில் கிழக்கு ஜன்னலுக்கு நேராக அதை வைக்கச் சொன்னார் முதலாளி. காலை வெயில் விழுந்தால் மீன் ஜொலிக்கும் என்பது அவர் கணக்கு. சின்ன மோட்டார் ஒன்று துருத்தியை ஆட்ட, ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் காற்று குமிழியிட்டது.

கடலைக் கொண்டுவருகிற பொறுப்பு அப்துல் வஹீதுக்கு வந்தது. உக்கடத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த அவர், வாராவாரம் கோழிக்கோட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்துவருகிறவர். உயிரோடு மீன் வேண்டும், அதுவும் தின்பதற்கு இல்லை என்று கேட்டபோது அவர் அப்புசாமியைத் தனியாக அழைத்துப் போய், முதலாளிக்கு உடம்பு சௌக்கியம்தானா என்று விசாரித்தார்.

முதல் தடவை கடல் தேங்காய் எண்ணெய்ப் பீப்பாய்களில் வந்தது. தொட்டியில் ஊற்றியதும் மேலே எண்ணெய் ஆடை கட்டி, கூடம் முழுக்கக் கல்யாண வீட்டுச் சமையலறை வாசம் அடித்தது. அப்புசாமி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் மீன் விட வேண்டாம், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் குழம்பாகிவிடும் என்று சொல்லி அத்தனையையும் இறைத்துக் கொட்டினார். இரண்டாம் தடவை புதுப் பீப்பாயில் நல்ல தண்ணீர் வந்தது. அதற்கடுத்த வாரம் மணலும் பாறைத் துண்டுகளும், கூடவே பன்னிரண்டு மீன்களும் பத்துப் பதினைந்து இறாலும் வந்து சேர்ந்தன. மீனில் ஒன்பது பிழைத்தன. மஞ்சள் வாலுடன் மூன்று, உடம்பில் கருப்புப் பட்டை போட்டவை நான்கு, சாம்பல் நிறத்தில் ஒன்றும் செய்யாமல் கல்லடியில் கிடப்பவை இரண்டு.

இரண்டு வாரம் பங்களா திருவிழாவாக இருந்தது. சொந்தக்காரர்கள், வக்கீல்கள், பஞ்சு வியாபாரிகள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. ஒருவர் பொரி போட்டார், ஒருவர் முறுக்கை நொறுக்கிப் போட்டார். முதலாளியின் மனைவி ராமாமணி அம்மாள் தினமும் பலகாரம் முடிந்ததும் ஒரு இட்லியை உதிர்த்துப் போட்டுவிட்டு, அவை பசியாறுவதைக் கண் நிறையப் பார்ப்பார். எல்லாவற்றையும் மிஞ்சியது முதலாளியின் முட்டை. வெந்த முட்டையின் மஞ்சள் கருவைக் குண்டூசித் தலையளவு போடலாம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. கண்ணையா படித்தபோது குண்டூசியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலைக்கு ஒரு முட்டை என்று சொல்லிவிட்டார். அது அதிகமென்று பட்டதால் முதலாளி சிக்கனமாக ஒன்பது மீனுக்கும் சேர்த்து ஒரே முட்டை போட்டுவந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அப்புசாமி வந்து பார்த்தபோது மணல் மேல் காப்பிப் பொடி தூவினாற்போல் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. கண்ணாடியிலும் இருந்தது. விரலால் தேய்த்தால் போயிற்று. மறுநாள் அதே இடத்தில் அதே அளவு இருந்தது. ஒரு வாரம் அவர் துடைக்க, அது வர, அவர் துடைக்க என்று போனபின் ஒருநாள் பழுப்பு தானாகவே குறைந்தது. அப்புசாமி நிம்மதியாக மூச்சு விட்டார். விட்ட மூச்சு உள்ளே வருவதற்குள் பச்சைப் பாசி வந்துவிட்டது.

அது பழுப்பைப் போல மரியாதையாக வரவில்லை. பாறையில் மயிராக முளைத்தது. காற்றுக் குழாயில் தாடியாகத் தொங்கியது. கண்ணாடியில் மொழுமொழுவென்று அப்பியது. பிறகு தண்ணீரே பச்சையாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று, மீன் எங்கே என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, இருக்கிற இடம் தெரியாததால் உத்தேசமாக நாலா பக்கமும் பொரியைத் தூவிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு துரை, இரண்டு மாதத்தில் மில்லைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டார். கோவிந்தராஜுலு ஏற்கெனவே அவருக்குத் தம் கூடத்தில் ஒரு கடல் இருப்பதாக எழுதியிருந்தார். முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புசாமியைப் பார்க்கும்போதெல்லாம் தொட்டியைப் பார்ப்பார், திரும்பி அப்புசாமியைப் பார்ப்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அப்புசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ராமாமணி அம்மாள் முதல் வைத்தியம் சொன்னார். பித்தளை அண்டா பச்சை பிடித்தால் என்ன செய்கிறோம்? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறோம். இதையும் தேய்த்தால் போகிறது. மீன்களை அண்டாவில் இறக்கி, தொட்டியைக் காலிசெய்து, மூன்று பெண்கள் அரை நாள் புளி போட்டுத் துலக்கினார்கள். பாறைகள் கோயில் படிபோல் சுத்தமாயின. புது மணல், புதுத் தண்ணீர். தொட்டி முதல் நாள் இருந்த மாதிரியே ஆனது. அதுதான் வினை. எல்லாமே முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிடச் சீக்கிரமாகக் காப்பிப் பொடி வந்தது, அதைவிடச் சீக்கிரமாகப் பச்சை வந்தது. இந்த அமளியில் மஞ்சள் வால் ஒன்றும் சாம்பல் ஒன்றும் செத்து மிதந்தன. சாம்பல் மீன் நீந்தி யாரும் பார்த்ததே இல்லை என்பதால் அது செத்தது மறுநாள்தான் தெரிந்தது.

அடுத்தது கண்ணையாவின் முறை. மில்லின் ஈரக்காற்றுத் தொட்டியில் பாசி பிடித்தால் மயில்துத்தம் போடுவது வழக்கம். ஒரு பிடி போட்டால் இரண்டு நாளில் பாசி செத்துவிடும். அதே துத்தத்தை இங்கே போட்டால் என்ன என்று அவர் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். யோசனை அப்புசாமிக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் ஈரக்காற்றுத் தொட்டியில் யாரும் குடியிருக்கவில்லையே என்ற எண்ணம் குறுக்கே வந்தது. ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, இரண்டு இறாலை விட்டு, துத்தத்தில் ஒரு துளி கிள்ளிப் போட்டு வைத்தார். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் இரண்டும் மல்லாந்துவிட்டன. ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணையாவின் மேஜைமேல் வைத்தார். கண்ணையா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இறாலைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போன அப்புசாமி களியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். சின்னாத்தாள் என்னவென்று கேட்டாள். அவர் சொன்னார். அவளுக்கு அந்தத் தொட்டியைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒருதரம் போய்ப் பார்த்தவள், இத்தனை பெரிய வீட்டில் உட்காரச் சொல்ல ஒரு பலகை இல்லை, மீனுக்கு மட்டும் மாளிகையா என்று கேட்டுவிட்டு வந்தவள். இப்போதும் அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, நம்ம காட்டுல கோரை மண்டுனா என்ன பண்ணுவோம்? நீங்க என்னடான்னா பொழுது கெளம்பறதுல இருந்து வெயில்ல வெச்சுப்போட்டு, ஊர்ப்பட்ட சனத்தைக் கூப்பிட்டு எருவும் போட உட்டுட்டு, தண்ணியும் கட்டி வெச்சிருக்கறீங்க. மொளைக்காம என்ன பண்ணும்?"

அப்புசாமியின் கை களியிலேயே நின்றுவிட்டது. இருபது வருஷம் காட்டோடு மல்லுக்கட்டியவர் அவர். தொட்டியைத் தொட்டியாகவே பார்த்தாரே தவிர, ஒருநாளும் அதை ஒரு வயலாக நினைத்துப் பார்க்கவில்லை. முட்டை, இட்லி, பொரி, முறுக்கு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. சாப்பிட்ட கையைக் கழுவிய கையோடு வஹீதைத் தேடி உக்கடத்துக்கு நடந்தார். கடலில் பாசி எப்படி இருக்கிறது என்று ஒருதரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். கோழிக்கோட்டுக் கடற்கரையில் இறங்கியதும் அப்புசாமி நேராகத் தண்ணீருக்குப் போனார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளினார். வஹீது தடுக்கும் முன் வாயில் வைத்துவிட்டார். நம்ம தொட்டித் தண்ணீர் இதைவிடக் கரிக்கிறது என்றார். வஹீதுக்குச் சிரிப்பு வந்தது. அப்புசாமிக்கு வரவில்லை. வெயிலில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது, குறைந்ததற்கு ஈடாகத் தாம் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது அவர் நாக்குக்கு அப்போதுதான் புரிந்தது. குறைகிற அளவுக்கு ஊற்ற வேண்டியது சிறுவாணி.

பிறகு இருவரும் பாறைகள் கிடக்கிற இடத்துக்குப் போனார்கள். அலை இறங்கியிருந்தது. அங்கே பாறையின் மேல்முகம் முழுக்கப் பச்சைப் பாசி. அப்புசாமி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாய், கடலுக்கே பாசி புடிச்சிருக்குதுங்களே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் கவுண்டரே? தேய்க்கறதுக்குப் புளி கொண்டாரலையே" என்றார் வஹீது.

அப்புசாமி பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயில் படுகிற பக்கம் பச்சை. நிழல் பக்கம் வெறும் கல். பச்சையிலும் இங்குமங்கும் மொட்டையாக வழித்துவிட்டாற்போல் வட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் ஒரு நத்தை, ஆடு மேய்கிற மாதிரி நிதானமாக மேய்ந்துகொண்டு நகர்ந்தது. காலிச் சங்கில் குடியிருக்கும் குட்டி நண்டுகள் இடுக்குகளில் மிச்சம் மீதியைப் பொறுக்கின. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் நத்தைகள் தின்பதையே பார்த்தார். வஹீது கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

மறுநாள் ரயிலில் அவர் மடியில் ஒரு கூடை இருந்தது. ஈரச் சாக்குக்குள் ஐம்பது நத்தையும் இருபது நண்டும். ஒலவக்கோடு தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கூடையில் என்ன என்று கேட்டார். அப்புசாமி பொய் சொல்லிப் பழகாதவர், ஆள்கள் என்றார். பிறகு திருத்திக்கொண்டு, வேலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். பரிசோதகர் சாக்கை விலக்கிப் பார்த்தார். நாய்க்குச் சீட்டு உண்டு, ஆட்டுக்கு உண்டு, கோழிக்குக்கூட உண்டு, நத்தைக்கு விதியில் ஒன்றும் இல்லை. அவர் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு நண்டு கூடையை விட்டு இறங்கி, எதிர்ப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் குடைக்குள் போய்விட்டது. அதை வெளியே எடுக்கப் போத்தனூர் வரை ஆயிற்று. பெரியவர் எழுந்தபோது அவருடைய குடைக்குள் இரண்டு பேர் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் கடைசியில் கூடையில் இருப்பதைச் சங்கு என்று முடிவுசெய்து இறங்கிப் போனார்.

அப்புசாமியின் விவசாயம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. மில்லிலிருந்து கனமான காடாத்துணி வாங்கி ஜன்னலுக்குத் திரை போட்டார். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அது விலகும். பாசி மயிரை மூங்கில் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்தெடுத்தார். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பின்பக்கத்தை நத்தைகளுக்கு மேய்ச்சலாக விட்டார். வாரம் ஒருமுறை அழுக்கு படிந்த அடித் தண்ணீரில் ஒரு பங்கை உறிஞ்சியெடுத்துவிட்டுப் புதுக் கடல்நீர் விட்டார். தண்ணீர் மட்டத்தைக் காட்டக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, நடுவில் குறைந்தால் சிறுவாணி ஊற்றினார். இதெல்லாம் சுலபம். தீனியை நிறுத்துவதுதான் பெரிய போராட்டமாக இருந்தது.

தொட்டிக்கு மேலே கம்பிவலை மூடி போட்டுப் பூட்டினார். ராமாமணி அம்மாளுக்குக் கோபம் வந்தது. பட்டினி போட்ட பாவம் யாரைச் சேரும் என்று கேட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு கட்டெறும்பு சுமக்கிற அளவு நறுக்கிய இறால் போடுவதாகவும், அதை அம்மணி கையாலேயே போடலாம் என்றும் அப்புசாமி சொன்னபிறகு சமாதானமானார். வந்தவர்கள் பொரிப் பொட்டலத்தோடு வலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் மணலில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. மூடிக்கு இரண்டு சாவி. ஒன்று அப்புசாமியிடம். இன்னொன்று முதலாளியிடம்.

ஒருநாள் அவர் விடியும்போதே பங்களாவுக்குப் போனார். கோவிந்தராஜுலு பனியனோடு தொட்டியருகே நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது. கையில் உரித்த முட்டை.

"எசமாங்க, அந்த முட்டை உங்களுக்குங்களா?"

கோவிந்தராஜுலு கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார். அப்புசாமி போகாமல் நின்றார். முதலாளிக்கு வேறு வழியில்லை. பல்கூட விளக்காத வாயோடு முழு முட்டையையும் நின்றபடியே தின்றார். மறுநாளும் அதே நேரத்துக்கு அப்புசாமி வந்தார், அன்றைக்கும் அதே நடந்தது. மூன்றாம் நாள் முதலாளி முட்டையைத் தின்னாமல் கீழே வைத்தார்.

"என்னால முடியலையப்பா. பசியில கெடக்கற மாதிரியே என்னையப் பாக்குதுக."

"அதுக உங்களை மட்டும் அப்படிப் பாக்கறதில்லீங்க. கண்ணையாவையும் அப்படித்தான் பாக்குதுக. செவுத்துல இருக்கற கடியாரத்தையும் அப்படித்தான் பாக்குதுக. அதுக மொகமே அப்படிங்க."

முதலாளி திரும்பிக் கடியாரத்தைப் பார்த்தார். அப்புசாமி குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"எசமாங்க தப்பா நெனைக்கப்படாது. மீனு திங்கறது துளிங்க. மிச்சம் பூராத்தையும் பாசிதான் திங்குது. இத்தன நாளா நீங்க மீனு வளத்தலீங்க, பாசிதான் வளத்துனீங்க."

வெளியே மில் சங்கு ஊதியது. கோவிந்தராஜுலு மீன்களை ஒருதரம் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அப்புசாமியின் கையில் வைத்துவிட்டு, பல் விளக்கப் போனார். முதலாளியின் முகத்துக்கு நேரே பேசிவிட்ட அப்புசாமி, வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு அன்று முழுக்கத் தொட்டிப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் ஆள் வந்து, தண்ணீர்மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறது, சிறுவாணி ஊற்ற வரவில்லையா என்று முதலாளி கேட்பதாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகும் பாசி உடனே போய்விடவில்லை. முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தண்ணீரில் பச்சை கொஞ்சம் வெளிறியது. மூன்றாம் வாரம் பின்கண்ணாடியில் நத்தை மேய்ந்த மொட்டை வட்டங்கள் தெரிந்தன. கண்ணையா தினமும் வந்து, இன்னும் இருக்கிறதே, கொஞ்சம் துத்தம் போட்டால் என்ன என்பார். அப்புசாமி பதிலுக்கு அந்தக் காலி ஜாடியைக் காட்டுவார். ஐந்தாம் வாரம் ஒரு காலையில் திரையை விலக்கியபோது தொட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கச் சுவர் தெரிந்தது. நடுவே பட்டை மீன்கள் நான்கும் நீந்தின.

துரை வந்தார். வெள்ளைச் சராயும் சிவந்த முகமுமாகக் கூடத்துக்குள் நுழைந்தவரைக் கோவிந்தராஜுலு தொட்டிமுன் நிறுத்தி, மீன்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். துரை மரியாதைக்குத் தலையாட்டினார். திடீரென்று கீழே குனிந்தார். பிறகு முழங்காலிட்டார். சின்ன வயதில் அவர் கடற்கரை ஊரில் வளர்ந்தவராம். நத்தைகளையும் சங்கு நண்டுகளையும் பார்த்ததும் மீனை மறந்துவிட்டார். அரை மணி நேரம் ஒரு நண்டு தன் சங்கை விட்டு வேறு சங்குக்குக் குடிபோவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த மீனைவிட்டு, கூலிக்கு வந்த நத்தையை இவர் பார்க்கிறாரே என்று முதலாளிக்கு ஒரே ஆதங்கம்.

துரை எழுந்து, இதைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார். அப்புசாமியை முன்னால் தள்ளினார்கள். கடல் தொட்டி என்றால் பாசி பிடிக்குமே, அதற்கு என்ன மருந்து போட்டாய் என்று துரை கேட்க, கண்ணையா தமிழில் சொன்னார். அப்புசாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒண்ணும் போடலீங்க. போடறதை நிறுத்திப்போட்டனுங்க" என்றார்.

கண்ணையா அதை இங்கிலீஷில் சொல்லக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று அப்புசாமிக்குத் தெரியாது. நடுவில் இரண்டு தடவை புத்தகத்தைத் தட்டிக் காட்டினார், ஒரு தடவை தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முடிந்ததும் துரை முதலில் கண்ணையாவின் கையைக் குலுக்கினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தவர்போல், அப்புசாமியின் கையையும் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் பாசி வாடை இருந்தது. துரை அதை மோந்து பார்த்துச் சிரித்தார்.

அப்புசாமிக்கு அதன்பின் ஊரில் கடல் கவுண்டர் என்று பேர் விழுந்தது. வேறு இரண்டு மூன்று பெரிய வீடுகளிலும் தொட்டி வைத்தார்கள். பச்சை பிடித்ததும் ஆள் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். வெயிலை மறையுங்கள், தீனியைக் குறையுங்கள், ரெண்டு மாசம் பொறுத்திருங்கள் என்று அவர் சொல்வார். இத்தனை தூரம் வந்தும் மருந்தைச் சொல்லாமல் மறைக்கிறாரே என்று அவர்களுக்கு வருத்தம். திருச்சி ரோட்டு டாக்டர் ஒருவர் அவரிடம், எனக்கு மட்டும் இரகசியமாகச் சொல், நானும் வைத்தியன்தான் என்று கெஞ்சிக் கேட்டார். கேட்கும்போதே கையிலிருந்த பிஸ்கட்டை உடைத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் முதலாளி குடும்பம் ஊட்டிக்குப் போயிருந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. தொட்டியில் ஒரு கல்லின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறமாக ஏதோ படர்ந்திருந்தது. கண்ணையா அதைப் புது மாதிரிப் பாசி என்று தீர்மானித்து, உடனே சுரண்டச் சொன்னார். அப்புசாமி மூங்கில் குச்சியோடு கையை உள்ளே விட்டார். பட்டை மீன் ஒன்று விர்ரென்று வந்து விரலில் ஒரு முட்டு முட்டியது. மறுபடி கையை நீட்டினார். கடித்தே விட்டது. ஒரு வருஷமாகத் தம் கையைக் கண்டால் தீனி என்று நினைத்து ஓடிவந்த மீன் அது. அப்புசாமி கையை வெளியே எடுத்துக்கொண்டு, கல்லருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊதா நிறம் முழுக்கக் கடுகிலும் சின்ன முட்டைகள். மீன் அதன் முன்னால் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது.

குச்சியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணையாவையும் நாலு நாள் அந்தப் பக்கம் வரவிடவில்லை. ஐந்தாம் நாள் கல் வெறுமையாக இருந்தது. தண்ணீரில் தூசி மாதிரிக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. மறுநாள் அவையும் இல்லை. மஞ்சள் வால்கள் மட்டும் வயிறு புடைக்க உலாவின. அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் கடிபட்ட அன்றைக்கு, தொட்டியிலேயே மீன் முட்டை வைத்துவிட்டதே என்று அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி விரலைச் சின்னாத்தாளிடம் நீட்டிக் காட்டினார். சிவப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முட்டை வெச்சிருக்கறவகிட்டக் குச்சியத் தூக்கிட்டுப் போனா, கடிக்காம கொஞ்சுவாளாக்கும்" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் குழைக்க உள்ளே போனாள்.